வளைவில் மட்டும் வெறுங்கோடு

— "மார்ச் நான்கு, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு கண்ணில் பட்டது. கோட்டின் அளவு புள்ளி ஒன்று என்று இருக்க வேண்டும். ஒன்று என்று இருக்கிறது. புள்ளியை விட்டது நான்தான். நேராகப் போகும் இடத்தில் எல்லாம்..."

— நிறுத்து, நிறுத்து. பென்சிலு, இதெல்லாம் எதுக்கு எனக்கு வாசிக்கிற? நீ ஃபோன்ல கூப்பிட்டாலும், நான் வந்தது மேனேஜரைப் பார்க்க.

— அவர் மாடியில மீட்டிங்ல இருக்கார் அண்ணே. ஆறு மணிக்குத்தான் இறங்குவார்.

— அதுக்குள்ள உன் டைரியை ஒப்பிச்சு முடிச்சுடலாம்னு பார்க்குறியா?

— டைரி இல்லண்ணே. சாயங்கால வகுப்பு நோட்டு. கம்ப்யூட்டர்ல படம் வரையிற வகுப்பு. அன்னன்னைக்கு என்ன படிச்சேன், எங்க தப்பு பண்ணினேன், நாளைக்கு என்ன செய்யணும், வரிசையா எழுதி வைப்பேன்.

— எல்லாத்தையும் வரிசையா வைக்கிற ஆளு நீ. காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டு கம்ப்யூட்டர் தட்டுறவ இந்த ஊர் உலகத்துல நீ ஒருத்திதான். மிஷின் நிறுத்துற யார்டுல அத்தனை பேரும் சும்மாவா பேரு வச்சாங்க.

— உங்களை மட்டும் என்ன பேரு சொல்றாங்களாம், கரண்டி அண்ணே?

— அது மரியாதையான பேரு. இருபத்தாறு வருஷம் பள்ளம் தோண்டுற மிஷின் ஓட்டியிருக்கேன். கரண்டி முனையில ஒரு முட்டையை வச்சு உடையாம எடுத்துத் தருவேன், தெரியுமா? தருவேன்னு சொல்லக் கூடாது. தந்தேன். அதெல்லாம் முடிஞ்சது. இந்தா, இந்தக் கடுதாசியை நீயே அவர் மேஜையில வச்சுடு. நான் கிளம்புறேன்.

— என்ன கடுதாசி?

— பிரிச்சுத்தான் பாரேன். ஒட்டலை.

— "ஆறாம் தேதி காலை, தெற்கு வளைவில் எரிவாயுக் குழாய் செல்வது வரைபடத்தில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தும், நான் கவனிக்கத் தவறித் தோண்டினேன். குழாய் உடைந்ததற்கும், போக்குவரத்தை நிறுத்தக் கொடி பிடித்து நின்றவருக்குக் கால் முறிந்ததற்கும் நானே பொறுப்பு. என் கண்பார்வையில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், இனி இயந்திரம் ஓட்டமாட்டேன். ஓட்டுநர் அட்டையைத் திருப்பித் தருகிறேன்." அண்ணே!

— மக எழுதிக் கொடுத்தா. நல்லா எழுதியிருக்கா இல்ல? கையெழுத்து மட்டும் என்னோடது.

— இதைக் கொடுக்காதீங்க.

— கொடுக்காம? கண்ணு போனவன் பதினாலு டன் மிஷின்ல ஏறி உட்காரணுமா?

— உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?

— அதுதான் தெரியலை. டாக்டர்கிட்டப் போனேன். சுவத்துல எழுத்தைக் காட்டினார், கடைசி வரி வரைக்கும் சொன்னேன். "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னுட்டார். அப்ப கண்ணுல இல்ல, கண்ணுக்குப் பின்னாடி எங்கயோ கோளாறுன்னுதானே அர்த்தம்? வீட்டுல சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லுவேன், சொன்னது சரியான்னு மககிட்டக் கேட்பேன். ரோட்டைத் தாண்டறப்போ பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்குறேன். அவ கையை மட்டும் கொடுக்குறா, பேச்சு இல்ல. கால் உடைஞ்சு கிடக்குறது அவ தம்பியாச்சே.

— உங்க மச்சானா அன்னைக்குக் கொடி பிடிச்சு நின்னது?

— தெரியாதா உனக்கு? நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்து விட்டேன். குழாய் பீறிட்டதும் "ஓடுங்க, ஓடுங்க"ன்னு தெருவையே காலி பண்ணினான். எல்லாரையும் ஓட விட்டுட்டுக் கடைசியா இவன் ஓடினான். நான் வெட்டின பள்ளத்துலயே விழுந்தான். தொடையில கம்பி வச்சிருக்காங்க. என் வீட்டுல மூணு வாரமா சமையல் நடக்குது, பேச்சு நடக்கலை.

— அண்ணே, அன்னைக்குக் காலையில நீங்க படத்தைப் பார்த்தீங்களா?

— பார்க்காம வெட்டுவேனா? பானெட்டு மேல விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லை வச்சுப் பார்த்தேன். நேர் ரோட்டுல கோடு, வாயுவுக்கு 'வா', கோடு, 'வா'ன்னு போச்சு. நீ போட்ட புதுக் கோடு. வளைவுல 'வா' இல்ல. நடைபாதை ஓரத்துக்குப் போடுவியே வெறுங்கோடு, அது மாதிரிதான் இருந்துச்சு. குழாய் அதுக்கு முன்னாடியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— அதைத்தான் விசாரணையில சொன்னீங்களா?

— சொன்னேன். மேனேஜர் ஒண்ணும் கோவிக்கலை. இதோ இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு ப்ரின்ட் எடுத்து என் முன்னாடி வச்சார். "பாருங்க, எத்தனை 'வா' இருக்கு எண்ணுங்க"ன்னார். எண்ணினேன். வளைவுல மட்டும் பதினொண்ணு. பதினொண்ணையும் ஒருத்தன் பார்க்காம விட்டிருக்கான்னா அவன் என்ன மனுஷன்? அஞ்சு பேர் உட்கார்ந்து என்னைப் பார்க்குறாங்க. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, என் ஆட்டம் முடிஞ்சதுன்னு.

— பத்து நிமிஷம் கொடுங்கண்ணே. வரிசையா சொல்றேன்.

— இவ வரிசையை விட மாட்டா. சரி, சொல்லு.

— முன்னாடியெல்லாம் எரிவாயுக் குழாயைச் சிவப்புல போடுவோம். தண்ணிக்கு நீலம். ஆனா சைட்டுக்கு வர்றது கறுப்பு ப்ரின்ட்.

— ஆங். அதை நான்தான் யார்டுல வச்சுக் கத்தினேன். "எல்லாக் கோடும் ஒண்ணாட்டம் இருந்தா எவன் கண்டுபிடிப்பான்"னு.

— நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு. அந்த வாரம்தான் வகுப்புல, நம்மளே சொந்தமா ஒரு கோடு உண்டாக்குறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தாங்க. உங்களுக்காகத்தான் அதைப் பண்ணினேன்.

— எனக்காகவா? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் நான்.

— இங்க ஸ்க்ரீனைப் பாருங்க. கோடுன்னா படம் இல்லண்ணே, ஒரு சின்ன வரி. நம்பருங்கதான். பன்னிரண்டுன்னா பேனாவைப் பன்னிரண்டு அளவுக்கு இழு. மைனஸ் ரெண்டுன்னா ரெண்டு அளவுக்குத் தூக்கிக்கிட்டே போ. அங்க 'வா' எழுது. மைனஸ் ஆறுன்னா இன்னொரு ஆறு தூக்கிக்கிட்டே போ. திரும்ப முதல்லேர்ந்து.

— கரண்டி மாதிரி. கொஞ்ச தூரம் சுரண்டு, தூக்கு, நகரு, திரும்ப இறக்கு.

— அதேதான்! எல்லாம் சேர்த்து இருபது. இதை ஒரு கட்டுன்னு வச்சுக்கங்க. இப்ப இந்தக் கட்டு தரையில எத்தனை மீட்டர்னு நாமதான் சொல்லணும். புள்ளி ஒண்ணுன்னு போட்டா ஒரு கட்டு ரெண்டு மீட்டர். ஒண்ணுன்னு போட்டா இருபது மீட்டர்.

— நீ ஒண்ணுன்னு போட்ட.

— ஒண்ணுன்னு போட்டேன்.

— சரி, அதனால என்ன? 'வா' தள்ளித் தள்ளி வரும். அவ்வளவுதானே?

— நேர் ரோட்டுல அப்படித்தான் வந்துச்சு. எழுத்தும் பெரிசு பெரிசா இருந்துச்சு. நல்லாத்தான் தெரியுதுன்னு விட்டுட்டேன். ஆனா வளைவு ஒரே கோடு இல்லண்ணே. அளந்த ஆளுங்க அங்கங்க குறி வச்சு அளந்திருக்காங்க. நாலு மீட்டர் ஒரு துண்டு, மூணு மீட்டர் ஒரு துண்டு. ஒரு துண்டுல ஒரு முழுக் கட்டு உட்கார இடம் இல்லன்னா, இந்தக் கம்ப்யூட்டர் என்ன பண்ணும் தெரியுமா?

— என்ன பண்ணும்?

— ஒண்ணும் சொல்லாது. திட்டாது, சிவப்பு விளக்கு போடாது. எழுத்தை விட்டுட்டு, அந்தத் துண்டை வெறுங்கோடா இழுத்து விட்டுடும். இதோ, இப்ப ஒண்ணுன்னு மாத்தறேன். வளைவைப் பாருங்க.

— திரும்ப மாத்து.

— புள்ளி ஒண்ணு.

— திரும்ப.

— ஒண்ணு.

— இதுதான். இதைத்தான் நான் பார்த்தேன். இல்ல இல்ல, இரு. கம்ப்யூட்டர்ல நீ என்ன வேணா காட்டுவ. என்னைத் தேத்துறதுக்காகக் காட்டுறியோ என்னவோ. எனக்குக் கொடுத்த காகிதத்துல இப்படித்தான் இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்?

— மூணாந்தேதி நாலு ப்ரின்ட் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் பிரதி நம்பர் போட்டு அனுப்பினேன். ஒண்ணாம் நம்பர் ஆபீஸுக்கு. ரெண்டாம் நம்பர் உங்களுக்கு. மூணாம் நம்பர் உங்க மேஸ்திரிக்கு. நாலாம் நம்பர் அடுத்த கட்ட வேலைக்குன்னு சைட்ல படம் வைக்கிற பெட்டிக்குள்ள. ஆபீஸ் பிரதியை நான் கிழிச்சுட்டுப் புதுசு வச்சுட்டேன். மேஸ்திரியோடது பள்ளத்துத் தண்ணியில ஊறிக் கூழாயிடுச்சு. உங்களுது சேத்துல தொலைஞ்சுட்டதா விசாரணையில சொன்னீங்க. அது மட்டும் கிடைச்சிருந்தா...

— தொலையலை.

— என்ன?

— தொலையலைன்னேன். இந்தா, இந்தச் சாப்பாட்டுப் பையைப் பிடி. டப்பாவை வெளியில எடு. அடியில ஒரு அட்டை இருக்கா? அதைத் தூக்கு. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருக்கேன்.

— மூணு வாரமா இதுக்குள்ளயா இருந்துச்சு?

— தினமும் இதுக்கு மேலதான் சோத்து டப்பா வச்சு எடுத்துட்டுப் போறேன், வேலை இல்லாட்டாலும். வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்க முடியலை, பார்க் பெஞ்சுல போய்ச் சாப்பிட்டுட்டு வருவேன்.

— பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிருக்குமே அண்ணே! ஏன் பிரிக்கலை?

— பிரிச்சு, அதுல பதினொரு 'வா'வும் இருந்துட்டா? தொலைஞ்சதுன்னு சொன்னா, சேறு மேல பழியைப் போட்டுட்டு மிச்ச நாளை ஓட்டிடலாம். பிரிச்சுப் பார்த்துட்டா அப்புறம் யார் மேல போடுறது? நீ பிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குறேன்.

— எட்டா மடிச்சிருக்கீங்க. மடிப்புல கொஞ்சம் நைஞ்சிருக்கு. இருங்க, மேஜை மேல விரிக்கிறேன். பிரதி எண் ரெண்டு. தேதி மூணு. அண்ணே, திரும்புங்க.

— நீ சொல்லு. இருக்கா, இல்லையா?

— நான் சொல்ல மாட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இந்த மூணு வாரமும் மத்தவங்க சொல்லித்தானே நம்பினீங்க.

— பென்சிலு, உனக்கு அழுத்தம் ஜாஸ்தி. நகரு, வெளிச்சத்தை மறைக்காத. இது நேர் ரோடு. 'வா'. 'வா'. 'வா'. இங்கேர்ந்து வளைவு. கோடு. கோடு. கோடுதான். பாப்பா, வெறும் கோடுதான்!

— ஆமாண்ணே.

— ஒண்ணு கூட இல்ல! நல்லாத்தான் பார்த்திருக்கேன்! நான் பார்த்தது பார்த்தபடிதான் இருந்திருக்கு!

— தண்ணி குடிங்கண்ணே.

— வேணாம். மூக்குதான் ஒழுகுது, வேற ஒண்ணும் இல்ல. உங்க ஆபீஸ் ஏசி ஒத்துக்கலை. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவகிட்ட, "அடியேய், கடிகாரத்துல மணி ஆறேகால்"னு சொல்லுவேன். யாரையும் கேட்க மாட்டேன்.

— சொல்லுங்க.

— நீ ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க? ஒரு புள்ளியை விட்டுட்ட. அட, விடாதவன் யாரு? வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாசம் ஆகுது?

— நாலு. ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க.

— அப்ப மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். சின்னப் பொண்ணு, தெரியாம நடந்துபோச்சு, அவளா வந்து சொன்னான்னு சொல்றேன். இப்பவாவது வாயைத் திறந்தியே, அதுவே பெரிசு.

— அப்படிச் சொல்லாதீங்க. நீங்க என்னை முழுசா வாசிக்க விடலை.

— எதை?

— நோட்டை. முதல் வரியிலயே நிறுத்திட்டீங்க. தேதியைக் கவனிக்கலை நீங்க.

— என்ன தேதி?

— மார்ச் நாலு. செவ்வாய்.

— சரி, செவ்வாய். நான் வெட்டினது... இரு. ஆறாந்தேதி வியாழன்.

— ஆமா.

— அப்ப இதை நீ எழுதினது...

— முன்னாடி. ரெண்டு நாள் முன்னாடி. செவ்வாய்க்கிழமை வகுப்புல சார் போர்டுல எழுதினார், துண்டு சின்னதா இருந்தா கட்டு விழாதுன்னு. நம்ம வளைவு அப்படித்தான் இருக்குன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்து எழுதினேன். புதன் காலையில முதல் வேலையா ஃபைலைத் திருத்தினேன், விசாரணையில நீங்க எண்ணினது அந்தத் திருத்தின படத்தைத்தான். ஆபீஸ் பிரதியை மாத்தினேன். வெளியில போன மூணையும் திரும்ப வாங்கலை.

— வாங்கலை.

— வாங்கலைண்ணே.

— நோட்டைக் கொடு இங்க. "நாளை: ஒன்று, அளவைத் திருத்து. இரண்டு..." இது என்ன, அடிச்சு வச்சிருக்க?

— அதைப் படிக்க முடியும்.

— "இரண்டு, கொடுத்த படங்களைத் திரும்ப வாங்கு." எழுதிட்டு அடிச்சிருக்க!

— திங்கட்கிழமை மீட்டிங்ல மேனேஜர் அந்தக் கோட்டை எல்லாருக்கும் காட்டினார். "நம்ம பொண்ணு பண்ணினது, இனிமே எல்லாப் படத்துக்கும் இதுதான்"னு சொன்னார். என்னை இதுவரைக்கும் யாரும் நாலு பேர் முன்னாடி அப்படிச் சொன்னதில்ல. ரெண்டே நாள்ல போய், "சார், அது தப்பு, படத்தையெல்லாம் திரும்ப வாங்குங்க"ன்னு... வாய் வரலை. வளைவு சின்னதுதானே, இருபத்தாறு வருஷ ஆப்பரேட்டர், அவருக்குத் தெரியாதான்னு நினைச்சுக்கிட்டு அடிச்சுட்டேன்.

— என் மேல அவ்வளவு நம்பிக்கை உனக்கு!

— அண்ணே...

— பேசாத. ரெண்டு நாள்! செவ்வாய் ராத்திரி மச்சான் என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டான். புதன்கிழமை பொண்டாட்டி பிள்ளையோட செருப்பு வாங்கப் போனான். அந்த ரெண்டு நாளும் அவன் கால் முழுசா இருந்துச்சு. ஒரு ஃபோன். "அண்ணே, அந்தப் படம் தப்பு, வெட்டாதீங்க." எத்தனை வார்த்தை அது? உன் நம்பர்க் கணக்குல சொல்லு, எத்தனை?

— அஞ்சு.

— அஞ்சு வார்த்தை! அதுக்கப்புறம் அஞ்சு பேர் என்னை உட்கார வச்சு எண்ணச் சொன்னாங்களே, அப்ப நீ எங்க இருந்த?

— இந்த நாற்காலியிலதான். கண்ணாடிக் கதவு வழியாத் தெரிஞ்சுது. நீங்க விரலை வச்சு எண்ணினீங்க. திட்டுங்கண்ணே. எவ்வளவு வேணா திட்டுங்க. இன்னைக்கு அவர் இறங்கினதும் நோட்டையும் இந்தப் படத்தையும் அவர் கையில கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னுதான் வரச் சொல்லி ஃபோன் பண்ணினேன். நீங்களே கடுதாசியோட வருவீங்கன்னு தெரியாது.

— திட்டுறதுக்குத் தெம்பு இல்ல. மூணு வாரமா என்னையே திட்டித் தீர்த்துட்டேன், மிச்சம் ஒண்ணும் இல்ல உனக்குக் கொடுக்க. நான் மட்டும் என்ன ஒழுங்கு? உண்மை என் சோத்துப் பைக்குள்ள கிடந்துச்சு. பயந்துக்கிட்டு அதுக்கு மேல டப்பாவை வச்சேன். நீ அடிச்சு வச்ச, நான் மடிச்சு வச்சேன். நல்ல ஜோடி.

— உங்களுதும் என்னுதும் ஒண்ணு இல்லண்ணே.

— ஒண்ணு இல்லதான். அதை அவன்கிட்டப் போய் நீயே சொல்லு. ஆஸ்பத்திரி மூணாவது மாடி. திட்டுனா வாங்கிக்க. அவன் என்னை விட நல்லாத் திட்டுவான். இப்ப இந்தக் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்துக்குறேன். எவ்வளவு அழகா இருக்கு பாரேன், ஒண்ணுமே இல்லாத கோடு!

— பாருங்க.

— பென்சிலு.

— ம்?

— இங்க மேல என்ன? வடக்கு முனையில. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி.

— அது ரோடு திரும்புற இடம்.

— திரும்புது, சரி. 'வா' எங்க? இங்க வரைக்கும் 'வா' வருது. அப்புறம் இவ்வளவு தூரம் மொட்டைக் கோடு. அப்புறம் திரும்ப 'வா'. இதுவும் வளைவுதானே?

— ரெண்டு வளைவு. அண்ணே, இந்தப் படத்துல ரெண்டு வளைவு இருக்கு. தெற்கு வளைவு உடைஞ்சதும் எல்லாரும் அதை மட்டும்தான்... நானும் அதை மட்டும்தான்...

— பதறாத. குழாயைச் சரி பண்ணிட்டாங்களா?

— போன வாரமே. எரிவாயு திரும்ப ஓடுது.

— அந்த நாலாவது பிரதி யாருக்குன்னு சொன்ன?

— அடுத்த கட்ட வேலைக்கு. சைட் பெட்டியில இருக்கு. வடக்கு முனைதான் அடுத்த கட்டம்.

— எப்ப ஆரம்பிக்கிறாங்க?

— போர்டுல எழுதியிருக்கு. இருங்க, பார்க்கிறேன். வெள்ளி, இருபத்தெட்டு. காலை ஏழு மணி.

— இன்னைக்கு?

— வியாழன். இருபத்தேழு.

— ஃபோனை எடு. வேணாம், நானே போடுறேன். என் மிஷினை இப்ப ஓட்டுறவன் நம்பர் இருக்கு. ஹலோ! ஆங், நான்தான். நல்லா இருக்கேன், அதை விடு. நாளைக்கு எங்க வெட்டுற? பள்ளிக்கூடச் சுவர்கிட்ட. படம் பார்த்தியா? என்னது, காலையில பெட்டியைத் திறந்துதான் பார்ப்பியா? கேளு, அந்தப் படம் தப்பு. சத்தியமாத் தப்பு. குழாய் சுவரை ஒட்டி வளைஞ்சு போகுது, படத்துல காட்டலை. கரண்டியை இறக்காத. எப்படித் தெரியுமா? என் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்டா! என் கண்ணால! ஆங். ஆங். யாரு? எத்தனை மணிக்கு? அவங்க நம்பர் இல்லையா? சரி, வை.

— என்ன சொல்றார்?

— அவன் கரண்டியை இறக்க மாட்டான். ஆனா ரோட்டை உடைக்கிற ஆளுங்க தனி ஒப்பந்தம். அவங்க ஆறரைக்கே வந்து, பெட்டியைத் திறந்து, அதே படத்தைப் பார்த்து உடைக்க ஆரம்பிச்சுடுவாங்களாம். அவங்க யாரு, நம்பர் என்னன்னு இவனுக்குத் தெரியாது.

— மேனேஜருக்குத் தெரியும். இப்பவே மாடிக்குப் போறேன். மீட்டிங்காவது ஒண்ணாவது.

— போ. போய் எல்லாத்தையும் சொல்லு. வரிசையாவே சொல்லு, ஆனா சீக்கிரம் சொல்லு. அவர் ஃபோன் பண்ணட்டும். ஆனா ஃபோனை நம்பி நான் வீட்டுல படுத்திருக்க மாட்டேன். சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை யார்டுல இருக்கு. குழாய் போற இடத்தைத் தரையிலயே போட்டுடலாம். நீ சரியான படத்தை வச்சுக்கிட்டு அளந்து சொல்லு, நான் கொட்டிக்கிட்டே வர்றேன்.

— நானுமா?

— பின்ன? உன் கோட்டை நீ வந்து போடு. என்ன, நோட்டைத் திறக்குற?

— நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிக்கிறேன்.

— நோட்டுல வேணாம். நோட்டுல எழுதினா நீ அடிச்சுடுவ. இந்தா, இந்தக் கடுதாசி இனிமே எதுக்கு? பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. இதுல எழுது. எழுதி என்கிட்டக் கொடு, என் சட்டைப் பையில இருக்கட்டும்.

— பென்சில்ல எழுதலாமா?

— பேனாவுல எழுது. எழுதினதை வாசி, சரியான்னு பார்க்குறேன்.

— "மார்ச் இருபத்தெட்டு, வெள்ளி. காலை ஐந்தரை: யார்டில் சுண்ணாம்பு ஒரு மூட்டை, அளவு நாடா ஒன்று. ஆறு மணி: வடக்கு முனை, பள்ளிச் சுவர். பெட்டியிலிருந்து பிரதி எண் நான்கைத் திரும்ப வாங்கு."